கோவையின் கெட்ட பெயர் எங்கே குடிபோனது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வெளிவரும் வாரத்தில் பாலக்காட்டுப் பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் தொங்கும் தாள்களைப் பார்த்தால் தலை சுற்றும். மலையாளத் தாள்களில் குற்ற விகிதத்தில் கொச்சி முன்வரிசையில் இருக்கும். பக்கத்திலேயே தொங்கும் தமிழ்த் தாள்களின் கோவைப் பதிப்பில், பெண்களுக்குப் பாதுகாப்பான நகரம் என்று கோவை மார்தட்டிக்கொண்டிருக்கும். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழர்கள் இரண்டையும் படிக்கிறவர்கள். ஓணத்துக்குத் துணி எடுக்கக் கோவைக்குப் போய், வேலைக்குக் கொச்சிக்குப் போகிறவர்கள். இரண்டு செய்தியும் ஒரே அறிக்கையிலிருந்து எடுத்தவைதான். அதே அறிக்கையில் கொலைப் பக்கத்தைப் புரட்டினால் கதை தலைகீழாகிவிடும்: லட்சம் பேருக்கு இத்தனை கொலை என்ற கணக்கில் கேரளம் ஒன்றுக்கும் கீழே, தமிழ்நாடு இரண்டை ஒட்டி.

ஓர் ஊருக்குக் குற்றத்தில் நல்ல பெயரோ கெட்ட பெயரோ வருவதில், அங்கே உண்மையில் நடக்கும் குற்றத்துக்கு ஓரளவு பங்குதான் உண்டு. நாடு முழுக்கத் தெரிந்துபோன ஏதோ ஒரு நாள், காவல் நிலைய எழுத்தரின் பேனா, அந்தப் பெயரால் ஆதாயம் அடைகிறவர்களின் வாய், இவையெல்லாம் சேர்ந்துதான் பெயரை எழுதுகின்றன. இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஊரின் பெயர் தேறிவிட்டது என்று சொல்லும்போது பழைய கெட்ட பெயர் காணாமல் போய்விடுவதில்லை. ஊரிலிருந்து இறங்கி ஒரு பேட்டையில், ஒரு காலனியில், சில தெருக்களில் குடியேறிவிடுகிறது. கோவையின் கடந்த முப்பது ஆண்டுகளைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

ஒரு பிப்ரவரி மாலை

1997 வரை கோவைக்கு வெளியூரில் இருந்த பெயர் மில், மோட்டார், சிறுவாணித் தண்ணீர், 'வாங்க போங்க' என்ற பேச்சு. அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்தடுத்த நாட்களில் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. இரண்டரை மாதம் கழித்து, 1998 பிப்ரவரி 14 அன்று, ஆர்.எஸ்.புரத்தில் எல்.கே.அத்வானி பேச இருந்த தேர்தல் கூட்டத்தை ஒட்டி நகரின் பல இடங்களில் தொடர்ச்சியாகக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தனர். 200 பேருக்கு மேல் காயம்.

இதைவிட அதிகம் பேர் இறந்த சம்பவங்கள் வேறு ஊர்களில் நடந்து, அந்த ஊர்ப் பெயரோடு ஒட்டாமல் போயிருக்கின்றன. கோவைக்கு ஒட்டிக்கொண்டதற்குக் காரணங்கள் உண்டு. தேர்தல் கூட்டத்துக்காகத் தேசியப் பத்திரிகையாளர்கள் ஏற்கனவே அங்கே இருந்தார்கள். செய்தி அன்றிரவே டெல்லிச் செய்தியாகிவிட்டது. அடுத்தது வழக்கின் நீளம். தனி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2007 ஆகஸ்ட் ஆயிற்று. கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி அந்த வழக்கில் 1998 மார்ச்சில் கைதாகி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து, கடைசியில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அந்த ஒன்பது ஆண்டுகளும் மலையாளச் செய்தியில் கோயம்புத்தூர் என்றால் ஜவுளி அல்ல, ஜெயில். மூன்றாவது காரணம் காலண்டர். பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6, குண்டுகள் வெடித்த பிப்ரவரி 14 இரண்டு நாளும் ரயில் நிலையத்தில் மோப்ப நாய், சாலைகளில் வாகனச் சோதனை, மறுநாள் தாளில் அந்தப் படம். நடந்தது ஒரு மாலை. அது வருடத்துக்கு இரண்டு முறை அச்சாகிக்கொண்டே இருந்தது.

பெயர் எப்படி மாறியது? குற்றம் குறைந்ததால் என்று சொல்ல ஆதாரம் குறைவு. பழைய செய்தியின் மேல் புதிய செய்திகள் விழுந்தன. 2010 ஜூன் 23 முதல் 27 வரை நடந்த செம்மொழி மாநாட்டுக்காக அவினாசி சாலை உட்படப் பல சாலைகள் செப்பனிடப்பட்டன. அதே ஆண்டு விளாங்குறிச்சியில் டைடல் பார்க் திறந்தது. பொறியியல் கல்லூரிகளும் பெரிய மருத்துவமனைகளும் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தன. என் கணிப்பில் பெரிய மாற்றம் இந்தக் கடைசி விஷயத்தில்தான் நடந்தது. விடுதியிலும் அடுக்குமாடியிலும் குடியேறியவர்களுக்கு 1998 நேரடி நினைவு இல்லை. இப்போது கல்லூரிக்கு வருகிறவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. ஓர் ஊரின் பெயர் மாறுவதில் பாதி, அதை நினைவில் வைத்திருப்பவர்களின் விகிதம் குறைவதுதான்.

சரிந்தும் சரிவின் பெயர் வாங்காத ஊர்

குற்றப் பெயரும் 'ஊர் படுத்துவிட்டது' என்ற பெயரும் சேர்ந்தே வருவதாக நினைக்கிறோம். கோவையில் மில்களின் வீழ்ச்சி மெதுவாக, ஆனால் பெரிதாகவே நடந்தது. 1888-இல் முதல் நூற்பாலை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று புகைபோக்கிகள் எழும்பின. 1974-இல் நலிந்த ஆலைகளைத் தேசியப் பஞ்சாலைக் கழகம் எடுத்துக்கொண்டது. பிறகு நூற்பு வேலை ஊருக்கு வெளியே, கூலியும் நிலமும் மலிவான தாலுகாக்களுக்கு நகர்ந்தது. நகரத்து ஆலைகள் ஒவ்வொன்றாகச் சங்கு ஊதுவதை நிறுத்தின. கழகத்தின் கையில் மிஞ்சிய ஆலைகளும் 2020 பொதுமுடக்கத்தோடு நின்றுபோயின.

இதே மாதிரி ஒரே தொழிலை நம்பிய அமெரிக்க டெட்ராய்ட் என்ன ஆயிற்று என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 1950-இல் 18.5 லட்சம் மக்கள், 2010-இல் 7.1 லட்சம்; 2013 ஜூலையில் நகராட்சியே திவால் மனு. ஆட்கள் போனதும் வீடுகள் காலி. காலி வீட்டிலிருந்து முதலில் செம்புக் குழாய் போகும், பிறகு ஜன்னல், பிறகு யாராவது தீ வைப்பார்கள். வரி வராததால் தெருவிளக்கு எரியாது. விளக்கு எரியாததால் பக்கத்து வீட்டுக்காரரும் கிளம்புவார். கண்ணுக்குத் தெரியும் காலியிடம்தான் ஊரின் பெயரை அடித்தது. 2023-இல் அங்கே 252 கொலைகள், 1966-க்குப் பின் மிகக் குறைவு. ஆனால் டெட்ராய்ட் என்றதும் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது இடிந்த வீடுகளின் படம்தான்.

கோவையில் காலியிடம் நிற்கவில்லை. மில் நிலங்கள் நகரின் நடுவில், பெரிய சாலைகளின் ஓரத்தில் இருந்தன. நூலைவிட நிலம் விலை உயர்ந்தபோது அவற்றில் மால்களும் அடுக்குமாடிகளும் வந்தன. லட்சுமி மில்ஸ் வளாகத்தில் இன்று கேரளப் பிரபலமான லூலூவின் ஹைப்பர்மார்க்கெட். மில் தொழிலாளியின் மகனுக்கு லேத் பட்டறை, பவுண்டரி, பம்ப், கிரைண்டர் என்று ஜாப் ஒர்க் இருந்தது. வேலையின் தரமும் பாதுகாப்பும் குறைந்தன என்பது வேறு விஷயம். அது வெளியே தெரியாது. சாலையில் போகிறவர் பார்ப்பது கண்ணாடிக் கட்டடத்தை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஆந்திர எல்லையை ஒட்டிய கோலார் தங்கவயல். கர்நாடகத்தில் இருந்தாலும் தமிழர்கள் கட்டிய ஊர். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டதோடு வேலையை இழந்தது. அதன்பின் மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலை ரயிலேறி பெங்களூருக்குக் கூலிக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் போய், இரவு திரும்புவது வாழ்க்கையாயிற்று. சயனைடு மண்மேடுகள், ஒழுகும் லைன் வீடுகள்: சரிவு உண்மையானது. 2018-இல் ஊரின் பெயரையே தலைப்பாக வைத்து வந்த கன்னடப் படம் அந்த இடத்துக்கு அடிமைகளும் துப்பாக்கிகளும் நிறைந்த ஒரு கற்பனை வரலாற்றைக் கொடுத்தது. இப்போது வண்டி எடுத்து வருகிறவர்கள் தேடுவது அந்த வன்முறையை. ஓய்வூதியமும் குடியிருப்பு உரிமையும் கேட்டுப் போராடிய சுரங்கத் தொழிலாளர்களை அல்ல. நிஜச் சரிவுக்கு வராத பெயர் பொய்க் குற்றத்துக்கு வந்தது.

எண் எப்படிப் பிறக்கிறது

பெயருக்கு ஆதாரமாக எல்லோரும் நீட்டுவது அந்த ஆண்டறிக்கை எண்தான். ஆகவே அது உருவாகும் வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பைக் தொலைந்தவர் தமிழ்நாட்டில் காவல் நிலையம் போகிறார். மனு வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது மனு வந்ததற்கான சான்று, வழக்கு அல்ல. ஆண்டறிக்கைக்குள் நுழைவது எஃப்.ஐ.ஆர். மட்டும். லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றது. நடைமுறையில் 'முதலில் விசாரிக்கிறோம்' என்று சி.எஸ்.ஆரிலேயே நின்று, சமாதானமாகி, மூடப்படும் மனுக்கள் ஏராளம். அவை எந்த அட்டவணையிலும் இல்லை.

எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு நிலையத்தின் எண்கள் மாவட்ட, மாநகரக் குற்ற ஆவணப் பிரிவுக்கும், அங்கிருந்து மாநிலக் காப்பகத்துக்கும், கடைசியில் டெல்லிக்கும் போகின்றன. அங்கே ஒரு விதி உண்டு: ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அதிகத் தண்டனைக்குரிய ஒன்றை மட்டும் எண்ணுவார்கள். வீடு புகுந்து நகையைத் திருடி ஆளையும் கொன்றால் கொலையில் ஒன்று கூடும். திருட்டுக் கணக்கில் எதுவும் ஏறாது.

அடுத்து வகுத்தல். பெருநகரப் பட்டியலில் வருபவை 2011 கணக்கெடுப்பின்படி 20 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 19 நகரத்திரள்கள். கோவைக்கு 21.5 லட்சம், கொச்சிக்கு ஏறத்தாழ 21.2 லட்சம். 2021 கணக்கெடுப்பு நடக்காததால் கீழே உள்ள எண் இன்றும் 2011-இல் நிற்கிறது. மேலே உள்ள வழக்கு எண்ணிக்கை மட்டும் ஆண்டுதோறும் புதிதாகிறது. வேகமாக வளர்ந்த நகரத்துக்கு விகிதம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். எல்லையும் ஒத்துப்போகாது. வடவள்ளியும் துடியலூரும் 2011-இல் மாநகராட்சியில் சேர்ந்தன. காவல்துறைக் கணக்கில் பத்தாண்டுக்கு மேல் ஊரகத்திலேயே இருந்தன. குழாய்த் தண்ணீருக்கு ஒரு கோவை, குற்றத்துக்கு வேறொரு கோவை.

இப்போது கொச்சிக்கு வருவோம். கேரளத்தில் குடித்துவிட்டு ஓட்டியவர் மீதும் தாறுமாறாக ஓட்டியவர் மீதும் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆரே போடுவார்கள். பொது இடத்தில் குடித்து ரகளை செய்தால் கேரள காவல் சட்டத்தில் வழக்கு. ஒரு சனிக்கிழமை இரவுச் சோதனை முடிந்தால் நிலையக் கணக்கு எகிறும். போதைப்பொருளும் அப்படித்தான். 2022-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் நாட்டிலேயே அதிக வழக்குகள், 26 ஆயிரத்துக்கு மேல், பதிவானது கேரளத்தில். இது கஞ்சா எவ்வளவு புழங்குகிறது என்பதையும் காட்டலாம், போலீஸ் எவ்வளவு தேடுகிறது என்பதையும் காட்டலாம்; எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. திருட்டுக்கு இழந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் வந்து சொல்வார். கஞ்சா பொட்டலத்துக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள், பிடித்தால்தான் வழக்கு. அதே 2022-இல் குற்றப்பத்திரிகை தாக்கல் விகிதத்திலும் கேரளம்தான் முதலிடம், 96 சதவீதம். புகாரை வாங்கி, பதிந்து, முடித்து அனுப்பும் மாநிலம் அட்டவணையில் குற்றவாளி மாதிரி நிற்கிறது.

எதிர்ப்பக்கத்தில் கொல்கத்தா. 2022-இல் லட்சம் பேருக்கு 86.5 வழக்கு என்று பெருநகரங்களில் மிகக் குறைவு. அடுத்த இடத்தில் இருந்த புனேவுக்கே 280.7. புனே ஆட்கள் கொல்கத்தாக்காரர்களைவிட மூன்று மடங்கு பொல்லாதவர்களா என்ன?

2020-ஐ எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. பொதுமுடக்கத்தை மீறி வெளியே வந்தவர்கள் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் வழக்குப் போட்டார்கள். அந்த ஒரு பிரிவில் மட்டும் நாடு முழுவதும் 2019-இல் 29,469 ஆக இருந்தது 2020-இல் 6,12,179 ஆனது. இதில் தமிழ்நாட்டின் பங்கு மிகப் பெரியது. அந்த ஆண்டு அட்டவணையில் சென்னை இந்தியாவின் குற்றத் தலைநகர் போலக் காட்சியளித்தது. நிஜத்தில் தெருவில் ஈ காக்கை இல்லை.

காப்பகமே தன் அறிக்கையின் முன்னுரையில், பதிவு கூடியதை வைத்துக் குற்றம் கூடியது என்று முடிவுகட்டக் கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதுகிறது. முன்னுரை தலைப்புச் செய்தி ஆவதில்லை.

புகாரே வராத சாலை

கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே மாநில எல்லையில் இருக்கும் வாளையார்ப் பாதைக்கு எப்போதும் ஒரு பெயர் உண்டு. 1996-இல் கேரளம் சாராயத்தைத் தடை செய்த பிறகு ஸ்பிரிட் கடத்தல். எப்போதும் ரேஷன் அரிசி. சோதனைச் சாவடியில் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும் லாரிகள், கை மாறும் நோட்டு. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச் சோதனை போயிற்று, லாரி வரிசை கரைந்தது. ஆனால் அதே ஆண்டு வாளையாரில் இரண்டு சிறுமிகள் அடுத்தடுத்து இறந்த வழக்கு வந்து, லாரிக்குப் பதிலாக அந்த வழக்கின் பெயராகிவிட்டது வாளையார்.

இந்தச் சாலையின் இன்னொரு தொழில் குழல்பணம், அதாவது கணக்கில் வராத ஹவாலாப் பணம், கொண்டுபோகும் வண்டியை மறிப்பது. இதில் மறிப்பவனுக்கு உள்ள பெரிய பாதுகாப்பு, பறிகொடுத்தவர் உண்மையைச் சொல்ல முடியாது என்பதுதான். 2021 ஏப்ரலில் திருச்சூர் மாவட்டம் கொடகரையில் நடந்த கொள்ளையில் புகார் 25 லட்சம் ரூபாய்க்கு. விசாரணையில் தெரிந்தது மூன்றரைக் கோடி. புகாரே கொடுக்காமல் போகும் சம்பவங்கள் எத்தனை என்று எந்த அட்டவணையும் காட்டாது. 2024 ஜூனில் மதுக்கரை அருகே கேரளப் பதிவெண் காரை ஒரு கும்பல் மறித்துத் தாக்கியது காரின் கேமராவில் பதிவாகிப் பரவியது. அதில் வந்தவர்கள் ஒளிக்க எதுவும் இல்லாத சாதாரணப் பயணிகள். அதனால்தான் அது வழக்காகவும் செய்தியாகவும் ஆனது. கேரளத்தில் பல வாரம் 'இரவில் கோவை வழியாக வராதே' என்ற குரல் ஓடியது. அந்தச் சாலையில் அதற்கு முன்பே இருந்த ஆபத்து அன்றுதான் பெயர் வாங்கியது.

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கும் இதையே காட்டுகிறது. அரசுத் தரப்பின்படி குற்றங்கள் நடந்தது 2016 முதல் 2018 வரை. முதல் புகார் 2019 பிப்ரவரியில். ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது 2025 மே 13. அதாவது குற்றம் நடந்த ஆண்டுகளின் அட்டவணையில் பொள்ளாச்சி சுத்தமாக இருந்தது. பெயர் கெட்டது, பெண்கள் பேசத் துணிந்த ஆண்டில். அதுவும் ஊரக மாவட்டக் கணக்கு. மாநகரக் கோவையின் 'பாதுகாப்பான நகரம்' வரியை அது தொடவே இல்லை. 2022-இல் பெண்களுக்கு எதிரான குற்ற விகிதம் கோவைக்கு லட்சம் பெண்களுக்கு 12.9, சென்னைக்கு 17.1, கொல்கத்தாவுக்கு 27.1. பெண் மக்கள்தொகையோடு பெருக்கிப் பார்த்தால் கோவைக்கு ஆண்டுக்கு சுமார் 140 வழக்கு. குடும்பச் சண்டை, வரதட்சணை, பின்தொடர்தல் எல்லாம் சேர்த்து, இருபது லட்சம் பேர் ஊரில், இரண்டரை நாளுக்கு ஒன்று. நம்புகிறவர்கள் நம்பலாம். 2025 நவம்பரில் விமான நிலையத்தின் பின்புறம் கல்லூரி மாணவி மீது கூட்டு வன்கொடுமை நடந்தபோது ஊர் அதிர்ந்ததற்கு, அந்த எண்ணை ஊரே நம்பியிருந்ததும் ஒரு காரணம்.

பெயரால் பிழைப்பவர்கள்

கெட்ட பெயரை எதிரிதான் பரப்புவான் என்றில்லை. 1975 ஜூனில் நியூயார்க்கில் வந்திறங்கிய பயணிகளுக்கு ஒரு துண்டுப் புத்தகம் தரப்பட்டது. அட்டையில் முக்காடு போட்ட மண்டையோடு, 'அச்ச நகரத்துக்கு நல்வரவு' என்ற வாசகம். மாலை 6 மணிக்கு மேல் தெருவில் நடக்காதே, சுரங்க ரயிலில் ஏறாதே என்று அறிவுரை. அச்சிட்டது அந்த நகரத்துக் காவலர், தீயணைப்பு வீரர் சங்கங்கள். நகராட்சி பணமில்லாமல் ஆட்குறைப்பு செய்ய இருந்தது. அதைத் தடுக்க ஊரையே பயமுறுத்தினார்கள். அங்கே கொலை உச்சத்துக்குப் போனது பதினைந்து ஆண்டு கழித்து, 1990-இல்: 2,245. 2017-இல் 292 ஆக இறங்கிவிட்டது. அந்த இறக்கத்துக்குக் காரணம் என்ன என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அரசியல்வாதிகளுக்கு அந்தச் சந்தேகம் எல்லாம் இல்லை.

நம் பக்கத்தில் 1998-ஐத் தேர்தல்தோறும் எடுத்துப் பேசுகிறவர்கள் உண்டு. பாதுகாப்பான நகரம் என்ற எண்ணைக் காவல்துறையும் மனை விற்பவரும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள். சினிமா மதுரைக்கு அரிவாளையும் கொச்சிக்குக் கொட்டேஷன் கும்பல் என்ற கூலிப்படையையும் கொடுத்து வருடங்களாகின்றன.

பேட்டையில் குடியேறிய பெயர்

1997-98க்குப் பிறகு கோவையில் குடியிருப்பு வரைபடமே மாறியது. கலந்திருந்த தெருக்களிலிருந்து குடும்பங்கள் தத்தம் ஆட்கள் இருக்கும் பக்கம் நகர்ந்தன. உக்கடத்துக்குத் தெற்கே கரும்புக்கடை, சாரமேடு, குனியமுத்தூர் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் நெருங்கின. ஊர் மறக்கத் தொடங்கியபோது, நினைவு அங்கே போய்ச் சேர்ந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், வீட்டுத் தரகர் பெயரைக் கேட்டதும் 'ஓனர் வெஜிடேரியனுக்குத்தான் தருவார்' என்பார். கடன் கொடுக்கும் நிறுவனங்களில் 'நெகட்டிவ் ஏரியா' என்று ஒரு பட்டியல் உண்டு. வசூலுக்குப் போக ஆள் தயங்கும் தெருக்கள் அதில் இருக்கும். சம்பளச் சீட்டு சரியாக இருந்தாலும் முகவரியைப் பார்த்து விண்ணப்பம் நின்றுவிடும், காரணம் எழுதித் தரமாட்டார்கள். கடன் கிடைக்காததால் கடை பெரிதாகாது, வீடு கட்டி முடியாது, வாடகை உயராது. சரிவு என்று பிறகு நாம் காட்டுவது இதன் விளைவைத்தான்.

2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்தைய நாள், கோட்டை ஈஸ்வரன் கோவில் அருகே கார் வெடித்தது. ஓட்டிவந்தவர் இறந்தார், வழக்கு என்.ஐ.ஏ.வுக்குப் போனது. சில நாளில் கரும்புக்கடை, சுந்தராபுரம், கவுண்டம்பாளையத்தில் புதிய காவல் நிலையங்கள் அமைக்கும் அறிவிப்பு வந்தது. நிலையம் பக்கத்தில் வருவது நல்லதுதான். ஆனால் அதன் முதல் விளைவு பதிவு கூடுவது. இரண்டு பஸ் மாறிப் போய்ப் புகார் கொடுக்கச் சோம்பியவர்கள் இப்போது நடந்து போய்க் கொடுப்பார்கள்; ரோந்து கூடுவதால் சில்லறை வழக்குகளும் கூடும். முன்பு எண்ணாததை எண்ணுகிறார்கள் என்று யாரும் எழுதமாட்டார்கள். அந்தப் பகுதியில் குற்றம் அதிகரிப்பு என்று எழுதுவார்கள்.

கரும்புக்கடைக்காவது மதமும் ஒரு பழைய வழக்கும் காரணமாக இருந்தன. குளக்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை. முத்தண்ணன் குளம், வாலாங்குளம் போன்ற கரைகளை அழகுபடுத்தியபோது அங்கே இருந்த குடும்பங்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் என்று குடிசை மாற்று வாரிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். குளக்கரை இப்போது செல்ஃபி எடுக்கும் இடம். நகரத்தின் நல்ல பெயரில் அதற்கும் பங்கு உண்டு. போனவர்களில் மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவருக்கு விடிகாலை 3 மணிக்கு உக்கடத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாலு வீட்டில் இரண்டை விட்டார்கள். பள்ளி மாறிய பிள்ளைகளில் சிலர் பாதியில் நின்றார்கள். தரைத்தளத்தில் கடை வைக்க இடமில்லாத, மாடிப்படியில் விளக்கு எரியாத அடுக்குமாடியில் வேலையில்லாத இளைஞர்கள் கூடி நின்றால், 'ஹவுசிங் யூனிட் பசங்க' என்ற பெயர் ஆறு மாதத்தில் வந்துவிடும். சென்னையில் 2000 முதல் கண்ணகி நகரில் இதுவே நடந்தது. வேலை விண்ணப்பத்தில் உறவினர் முகவரியை எழுதும் பிள்ளைகள் அங்கே உண்டு. 2020-இல் அங்குள்ள சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டி, பத்திரிகையில் படம் போட்டார்கள். படம் நன்றாகவே இருந்தது.

சொந்தமாகச் சரிபார்க்க

ஓர் ஊருக்கோ பேட்டைக்கோ குடிபோகும் முன் அதன் பெயரைச் சோதிக்க விரும்புகிறவர் மொத்தக் குற்ற விகிதத்தை ஒதுக்கிவிடலாம். கொலையைப் பாருங்கள், பிணத்தை சி.எஸ்.ஆரில் முடிக்க முடியாது. அதிலும் காரணப் பட்டியலைப் பாருங்கள். 2022-இல் நாடு முழுவதும் நடந்த 28,522 கொலைகளில் 9,962 தகராறால், 3,761 முன்பகையால். ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. வழிப்போக்கரின் பயத்துக்குத் தொடர்பு உள்ளது பெரும்பாலும் அந்தக் கடைசி எண்தான். அடுத்து வாகனத் திருட்டு: காப்பீடு கேட்க எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்பதால் இழந்தவர் விடாப்பிடியாகப் பதியவைப்பார். இரண்டையும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு வரிசையாக எடுங்கள், 2020-ஐயும் 2021-ஐயும் தனியாக வையுங்கள்.

தெரு அளவில் பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்னது. பாலியல் வழக்கு போன்ற உணர்வுபூர்வமானவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறைத் தளத்திலும் கேரளத்தின் துணா தளத்திலும் நிலையம், ஆண்டு, எண் கொடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரியில் வரிசை எண் 1-இலிருந்து தொடங்கும். எண்ணை ஏற்றி ஏற்றிப் போட்டு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் அந்த நிலையத்தின் ஆண்டு வழக்கு எண்ணிக்கை கிட்டத்தட்ட கிடைத்துவிடும். திறக்கும் சிலவற்றைப் படித்தும் பாருங்கள். சாலை விபத்து, ஆள் காணவில்லை, சந்தேக மரணம், சந்துக்கடையில் திருட்டுத்தனமாக மது பாட்டில் விற்றது எல்லாம் அதே வரிசையில்தான் வரும். பெயர்பெற்ற பேட்டையின் பட்டியலையும் பெயர்பெறாத பணக்காரப் பகுதியின் பட்டியலையும் ஒரே மாதத்துக்குப் பக்கம் பக்கமாக வைத்து, விபத்தையும் மதுவையும் கழித்துவிட்டு எண்ணுங்கள். வீட்டுத் தரகரிடம் பேசப் போவது அதற்குப் பிறகு.